உத்தரவு வராத உடம்பு

அக்னி நட்சத்திர வெயிலில் விருத்தாசலத்துத் தெருவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூளையில் சரக்கு அடுக்குகிற வேலை பார்த்தார். கரண்டுக்கான பியூஸ் கட்டைகள் அங்கே வெள்ளை வெளேரென்று வெந்து வரும். மதியத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு நான் போவேன். சூளையின் கதவைத் திறந்தால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுவார்கள். நான் மட்டும் பக்கத்தில் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே வெயில், உள்ளே அனல். அங்கேதான் என் எலும்புக்கு இதமாக இருக்கும்.

"நம்ம சூளையப் பாக்கறதுக்குன்னே ஊருல ஒரு ஆளு இருக்குதுன்னா, அது எம் பொண்டாட்டிதான்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், வேலை முடிந்து வந்ததும் முதலில் என் பாதத்தைத்தான் தொட்டுப் பார்ப்பார். "ஐஸு மாதிரி கெடக்குது" என்று சொல்லிவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். காய்ப்புக் காய்த்த கைகள். சொரசொரவென்று இருக்கும். அந்தச் சூடு உடம்பில் ஏறுவதற்குள் நான் தூங்கிப்போயிருப்பேன்.

இந்தக் குளிரும் தூக்கமும் எனக்குப் பிறவியில் இருந்தவை அல்ல. முதல் பிரசவத்துக்குப் பிறகு வந்தவை.

எனக்கு அம்மா இல்லை. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். வேப்பூரில் அப்பாவும் தம்பியும்தான் இருந்தார்கள். பெண்துணை இல்லாத வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப முடியாது என்று என் மாமியார் என்னைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவர். குரல் பெரியது. அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள்.

ஆண் குழந்தை பிறந்தது. ஈரத்தோடு தூக்கிக் காட்டினார்கள். ஒரு கால் மடங்கியிருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நஞ்சுக்கொடி பிரிந்து வரவில்லை. ரத்தம் நிற்காமல் போனது. எனக்குக் கீழே கட்டில் நனைந்து வெதுவெதுப்பாக இருந்ததும், யாரோ ஓடியதும் தெரியும். மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. செராமிக் எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளில் வந்து ரத்தம் கொடுத்தார்களாம். கையில் வெள்ளை மண் காயாமல் அப்படியே வரிசையில் நின்றார்களாம். அவர்கள் ரத்தத்தில்தான் நான் பிழைத்தேன். குழந்தை பிழைக்கவில்லை. நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று அத்தை மல்லிகைப் பூ வாங்கி வந்தார். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு மார் கட்டிக்கொண்டு வலிக்கும். பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். அவரே பக்கத்தில் உட்கார்ந்து என் மாரைத் தொட்டுப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. கட்டவும் இல்லை, வலிக்கவும் இல்லை.

"அந்த ஒரு வேதனையாவது இல்லாம பண்ணானே சாமி" என்றார். பூவைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் போட்டார். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நோயின் முதல் அடையாளத்தை நாங்கள் எல்லாரும் கடவுளின் கருணை என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு வந்த வருடங்களைத் தூக்கத்தின் வருடங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து முகம் கழுவுவதற்குள் களைத்துப்போவேன். தலைமுடி சீப்போடு வந்தது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்தன. மாதவிலக்கு திரும்ப வரவே இல்லை. பேச்சு மந்தமானது. வியர்வை என்பதே மறந்துபோனது. தோல் மட்டும் வழவழவென்று வெளுத்தது. "கலரு குடுத்துட்டுது பாரு" என்று சொந்தக்காரப் பெண்கள் பொறாமையோடு சொல்வார்கள். டாக்டரிடம் போகாமல் இல்லை. ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார்கள். குழந்தை போன ஏக்கம் என்றார்கள். அதுவும் உண்மைதானே என்று நானும் நம்பினேன்.

அத்தை சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். உளுந்தங்களி கிண்டித் தருவார். என் துணியையும் சேர்த்துத் துவைப்பார். ஒருமுறை நல்லூரிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், மகனுக்கு இன்னொரு இடம் பார்க்கலாமே என்று பேச்செடுத்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். அத்தையின் குரலுக்குச் சுவர் ஒரு தடையா?

"எம் புள்ளைக்குப் பொண்டாட்டி இருக்குது. தூங்கிக்கிட்டு இருக்குது. எழுந்திரிக்கும். நீங்க காப்பித் தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

அதற்கு மேல் யாரும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

வேப்பூரில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. அக்காவாக முன்னால் நின்று செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. முந்தின நாளே எனக்கு வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டன. கல்யாண வீட்டில் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம் என்று உப்புச்சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தாலி கட்டுகிற நேரம் மேளம் ஓங்கி அடித்தது கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, ஒரு காரின் பின் சீட்டில் அத்தையின் மடியில் என் தலை. கண்ணாடி முழுக்கப் பூச்சரம் தொங்கியது. மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்காரம் பண்ணின கார். தம்பி தாலி கட்டின கையோடு சாவியை எடுத்து நீட்டினானாம். ஹைவேயில் போகிற லாரிக்காரர்கள் கல்யாண வண்டி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

முதலில் சேர்த்த இடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிரஷர் ஏறவில்லை. அங்கிருந்து புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. என் கட்டிலருகே வந்தவர் என் புருவத்தையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"எத்தனை குழந்தைம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு. தங்கல."

"பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"எக்கச்சக்கமா போச்சுங்கம்மா" என்றார் அத்தை.

"அப்புறம் பால் வந்துச்சா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"வரலைங்க" என்றேன்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் எனக்காக உட்கார்ந்து பேசிய முதல் டாக்டர். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பில் இருக்கிற மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் உத்தரவு போடும் என்றார். கர்ப்பமாக இருக்கும்போது அது பெரிதாகும், அதற்கு நிறைய ரத்தம் தேவைப்படும், அந்த நேரத்தில் திடீரென்று ரத்தம் வடிந்துபோனால் அது வாடிவிடும் என்றார். எனக்கு வாடியிருந்தது. குளிரும், தூக்கமும், முடி உதிர்ந்ததும், மாதவிலக்கு நின்றதும், பால் வராததும் ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

"எம்மாம் பெருசுங்க அது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒரு பட்டாணி அளவு."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பட்டாணியா? ஒரு பட்டாணிக்கா எம் மருமவ இத்தினி வருசமா ஜமுக்காளத்தைப் போத்திக்கிட்டுக் கெடந்தா?" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெம்பு இருந்தது எனக்கே ஆச்சரியம். முதல் நாள் ஏற்றிய ஊசி வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

இரண்டு மாத்திரைகள் கொடுத்தார்கள். முதலில் ஸ்டீராய்டு, அது உடம்பில் சேர்ந்த பிறகு தைராய்டு. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். காய்ச்சல், வாந்தி என்று எது வந்தாலும் ஸ்டீராய்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும், ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா மூன்று பேரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறி ஒப்பித்தோம்.

வீட்டுக்கு வந்து சில வாரம் இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. எறும்பு என்று நினைத்துக் கையைப் பின்னால் விட்டேன். கை ஈரமானது.

"அத்தை! வேர்க்குது அத்தை!" என்று கத்தினேன்.

அத்தை ஓடிவந்து என் ரவிக்கை முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, துடைக்காமல் விட்டார். "கெடக்கட்டும். கொஞ்ச நேரம் வேர்க்கட்டும்" என்றார்.

உயிர் திரும்பிய உடம்புக்கு ஆசையும் திரும்பியது. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது, என் வீட்டுக்காரர் மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம் கேட்டேன், "இனிமே எனக்குக் குழந்தை பொறக்கவே பொறக்காதுங்களா?"

"யார் சொன்னது?" என்றார். "கர்ப்பப்பை நல்லா இருக்கு. சினைப்பையும் நல்லா இருக்கு. வேலைக்காரங்க எல்லாரும் வந்து காத்துக்கிட்டுதான் இருக்காங்க. உத்தரவு போடற ஆபீஸ்தான் மூடிக் கிடக்கு. அந்த உத்தரவ நாம ஊசியில அனுப்பிப் பாக்கலாம்."

உடனே தொடங்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார். இன்னொரு பிரசவம் என்றாலே என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது. "நீ இருக்கற. எனக்கு அது போதும்" என்பார். அவரைச் சம்மதிக்க வைத்தது நானில்லை, அத்தை. மகனிடம் அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "அவ பயப்படல. நீ இன்னாத்துக்குடா பயப்படற?" என்றார்.

ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இரண்டு வீடு தள்ளி பாய் வீட்டு அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை. தெருவில் முதல் பிரிட்ஜ் அவர்கள் வீட்டில்தான் வந்தது. முந்தின லீவில் அவர் வந்துபோன பிறகு அக்கா நான்கு மாதம் முழுகாமல் இருந்தார். நான் மருந்து டப்பாவை நீட்டி விஷயத்தைச் சொன்னதும், முட்டை வைக்கிற தட்டைக் காலி செய்து அதில் அடுக்கினார். வீட்டுக்கு வருகிறவர் யாராவது தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தால், "மேல கை வைக்காதீங்க. அதுல ஒரு புள்ள இருக்குது" என்று குரல் கொடுப்பார்.

தினமும் ஒரு ஊசி. போடுவதற்கு ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்பதால் என் வீட்டுக்காரருக்கே நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். என்னைக் குத்துவதற்கு முன் பழகிக்கொள்கிறேன் என்று அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு, ஊசியில் வெறும் தண்ணீரை ஏற்றிக் குத்திக் குத்திப் பார்த்தார். தப்பாகக் குத்திவிட்டால் கத்தரிக்காயிடம் "வலிச்சிச்சா?" என்று கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பயத்தில் வாய் தானாகப் பேசியது. அத்தை அந்தக் கத்தரிக்காயை வீணாக்காமல் குழம்பில் போட்டுவிட்டார்.

முதல் சுற்று பலிக்கவில்லை. முட்டை வளர்ந்தது, ஸ்கேனில் காட்டினார்கள், ஆனால் தங்கவில்லை. சேதி தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்ற சைக்கிளைக் கழுவினார். சுத்தமாக இருந்த சைக்கிளை இன்னொரு முறை கழுவினார். நான் போய்ப் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டாவது சுற்றுக்குப் பிறகு ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தோம். முடிவைப் போனில் கேட்கச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பாலக்கரைப் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நான் வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்காலோடு வேகமாக வந்தார். பூத்துக்குள் போகும்போது கழற்றிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை.

கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கரு தங்குவதற்கும் மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இத நிறுத்திடலாம். நஞ்சுக்கொடி நல்லா வளந்திடுச்சி. கர்ப்பத்துக்கு வேணுங்கறத இனிமே அதுவே சுரந்துக்கும். உங்க தலையில இருக்கற சுரப்பிய அது நம்பல" என்றார். வழக்கமான இரண்டு மாத்திரைகளில் தைராய்டை மட்டும் கூட்டினார்.

பஸ்ஸில் வடலூர் தாண்டும் வரை அத்தை யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்து, "பொழைக்கத் தெரிஞ்ச புள்ளடி இது" என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது.

வளைகாப்பு வேண்டாம் என்று நான் சொன்னேன். போன முறை எல்லாம் செய்தோமே என்று மனம் பின்வாங்கியது. "வளையலு உன்ன இன்னா பண்ணிச்சி? அது மேல ஏன் பழியப் போடற?" என்று கேட்டுவிட்டு அத்தை கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பாய் வீட்டு அக்காவுக்கு அதற்குள் பையன் பிறந்து நான்கைந்து மாதம் ஆகியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு கையாலேயே எனக்குப் பச்சை வளையலை ஏற்றினார். அவன் என் நெற்றிச் சந்தனத்தைப் பிடித்து வழித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

கடைசி மாதம் ஊரில் இருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அறை பிடித்து அத்தையும் நானும் தங்கினோம். எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. உத்தரவு இல்லாமல் மாதவிலக்கு வரவில்லை, வியர்வை வரவில்லை, பால் வரவில்லை. வலி மட்டும் எப்படி வரும்?

டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வரும். குழந்தைக்கும் கர்ப்பப்பைக்கும் அவங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கும்மா. எல்லாம் தலையில கேட்டுக்கிட்டு நடக்கறதில்ல. வரலைன்னா வரவழைக்கலாம். அந்தக் கவலை என்னோடது."

ஒரு காலை வேளை. அத்தை முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். இடுப்பின் பின்னாலிருந்து ஒரு பிடி எழுந்து முன்னால் வந்து இறுக்கியது. நின்றேன். விட்டது. இன்னொரு முறை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அத்தை, வலிக்குது."

"சிரிச்சிக்கிட்டே சொல்றியேடி!" என்று முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கீரையெல்லாம் தரையில் சிதறியது.

பிரசவ அறைக்குள் அழைத்துப்போனதும் கையில் ஊசி ஏற்றி ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார்கள். பிரசவம் என்பது உடம்புக்குப் பெரிய உழைப்பு, மற்றவர்களுக்கு உடம்பே அதைச் சுரந்துகொள்ளும், எனக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். என் வகை ரத்தத்தையும் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள். அத்தையை வெளியில் நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நர்ஸ், "உங்க மாமியார கொஞ்சம் மெதுவா சாமி கும்பிடச் சொல்லுங்கம்மா" என்றார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

மதியம் தாண்டிப் பிறந்தது. அழுகை கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நஞ்சு வந்துடுச்சிங்களா?" என்றேன்.

"இரும்மா."

அந்தச் சிறிது நேரம் போனதுபோல எனக்கு எந்த நேரமும் மெதுவாகப் போனதில்லை. டாக்டரம்மா என் வயிற்றில் ஒரு கையை அழுத்தி வைத்திருந்தார். பிறகு குனிந்து, எதையோ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முழுசா வந்துடுச்சி. ரத்தமும் கட்டுக்குள்ள இருக்கு." கண்ணாடியை முழங்கையால் மேலே தள்ளிக்கொண்டு சொன்னார், "எத்தனையோ பிரசவம் பாத்துட்டேன். என்ன குழந்தைன்னு கேக்காம நஞ்சக் கேட்ட ஒரே அம்மா நீதான்."

அப்போதுதான் கேட்டேன். பெண்.

சாயந்தரம் பஸ் பிடித்து வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் குழந்தையை அப்புறம் பார்க்கலாம் என்று நேராக என்னிடம் வந்தார். போர்வையை விலக்கி என் பாதத்தைத் தொட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பால் வராது என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். அதைச் சுரக்கச் சொல்லும் உத்தரவை மட்டும் ஊசியில் அனுப்ப முடியாதாம். தெரிந்திருந்தும் குழந்தையை மாரில் வைத்தேன். அவள் பிடித்தாள். இழுத்தாள். கொஞ்ச நேரம் நம்பிக்கையோடு இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். பவுடர் பால் கரைத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் இருந்தவரை குடித்தாள். ஊருக்கு வந்த பிறகு என்ன கோபமோ, ரப்பரை நாக்கால் தள்ளினாள். சங்கில் ஊற்றினால் கடைவாயில் வழிய விட்டாள்.

அப்படி அவள் அழுதுகொண்டிருந்த ஒரு முற்பகலில் பாய் வீட்டு அக்கா வந்தார். அவர் பையன் தவழத் தொடங்கியிருந்தான். அவனைத் தரையில் விட்டுவிட்டு என் மகளை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். அழுகை நிற்கவில்லை. அவருடைய ரவிக்கை நனைவதை நான் பார்த்தேன். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டே பால் கசிகிறது. என் முகம் என்ன ஆனதோ, அக்கா சட்டென்று முந்தானையை இழுத்து மூடினார்.

"குடுக்கட்டுமா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார், அத்தையை இல்லை.

சந்தோஷம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். இத்தனை ஊசியும் குத்தி, இத்தனை வலியும் வாங்கி, கடைசியில் இது ஒன்று என்னால் முடியவில்லையே என்று இருந்தது. அக்கா புரிந்துகொண்டார். பாயில் என்னோடு தொடை ஒட்ட உட்கார்ந்தார். குழந்தையின் உடம்பை என் மடியில் கிடத்தி, தலையை மட்டும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். அவள் பிடித்துக்கொண்டாள். என் மடியில் கிடந்த சின்னக் கால்கள் உதைப்பதை நிறுத்தின. ஒவ்வொரு மடக்குக்கும் அவள் வயிறு என் கைக்குக் கீழே ஏறி இறங்கியது. வீட்டில் முதல்முறையாக அமைதி வந்தது. அத்தைகூடப் பேசவில்லை.

"பெரியம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று அக்கா அத்தையைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்கு ஒரு நாளுக்குன்னா பரவால்ல. தொடந்து குடுத்தா எங்க மார்க்கத்துல இது எம் பொண்ணு ஆயிடும். எம் பையனுக்குத் தங்கச்சி. நாளைக்கு ரெண்டு பேருக்கும் கல்யாணம் காட்சின்னு பேச முடியாது. வூட்டுக்காரரையும் ஒரு வார்த்த கேக்கணும்."

அத்தை தரையில் கிடந்த பையனைப் பார்த்தார். அவன் மூக்கு ஒழுக, அத்தையின் செருப்பை நக்கிக்கொண்டிருந்தான்.

"நல்ல வேள. தப்பிச்சா எம் பேத்தி" என்றார் அத்தை. அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை வாயை விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் ஷார்ஜாவிலிருந்து போன் வரும். அந்த வெள்ளி நான் அக்கா வீட்டிலேயே காத்திருந்தேன். அக்கா விஷயத்தைச் சொன்னார். பிறகு போனை என் காதில் வைத்தார்.

"தங்கச்சி" என்றார் அவர். அதற்கு முன் என்னிடம் அவர் பேசியதே இல்லை. "எனக்குப் பொண்ணு இல்லன்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க. கறுப்பா, செவப்பா?"

"கறுப்புங்கண்ணே."

"எங்க வூட்டு ஜாடைதான் அப்ப" என்றார்.

காலையிலும் மாலையிலும் அக்கா வருவார், அல்லது நான் தூக்கிக்கொண்டு போவேன். இடையில் பவுடர் பாலையும் அவள் ஏற்றுக்கொண்டாள். பல் முளைக்கும் வரை அப்படி நடந்தது. இரண்டு பிள்ளைகளையும் அக்கா ஒரே நேரத்தில் மடியில் போட்டுக்கொண்டால், அவன் இவள் முடியைப் பிடித்து இழுப்பான். நான் அவன் விரல்களைப் பிரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் பங்கு வேலை.

அக்கா பையன் போனில் வாப்பா என்று கூப்பிட்டுப் பழகியிருந்த ஷார்ஜா அண்ணன் லீவில் வந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. பெட்டி இறக்கிய மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த, கூச்சமான மனிதர். கையில் ஒரு கவுன், குஞ்சம் வைத்தது. ஆள் இருக்கிற அளவு தெரியாமல் ஐந்து வயதுக்கு வாங்கியிருந்தார்.

என் மகள் புது ஆளைக் கண்டு அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் வாசலிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவள் புடவையை விட்டு வெளியே வந்தாள். ஓர் அடி தள்ளி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு?" என்றாள்.

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"இவருதாண்டி உன் வாப்பா. ஊருலேர்ந்து வந்திருக்காரு. போ, போயி சட்டையப் போட்டுக் காட்டு."

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அவள் கவுனை வாங்கித் தலைவழியாக மாட்டிக்கொண்டாள். அது காலுக்குக் கீழே புரண்டது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முன்னால் ஒரு சுற்று சுற்றினாள். அவர் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கை தட்டினார்.